அவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்

பதினேழு வயதுப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்புவதைப் பற்றி இளையோருக்காகத் தமிழில் ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்தது 2019 ஜனவரியில். நான்கு வருடம் அதில் போனது. கையிலிருந்து 71,500 ரூபாய் போனது. ஒரு தோழியை இழக்கும் நிலைக்கு வந்தேன். காலமும் காசும் போனதை எப்படியோ தேற்றிக்கொண்டேன். அவளுக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் ராத்திரி தூக்கம் கலைந்துவிடுகிறது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவளிடம் கேட்டுவிட்டேன். ஊர், பேர், அடையாளம் எதுவும் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள் என்றாள்.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றித் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவது, அவர்கள் ஒரே பாலினத்தவர் என்றாலும், இனிக் குற்றமில்லை. அன்று சாயங்காலம் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில். வானவில் கொடியோடு பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுததைக் காட்டினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீரை முழுக்க ஆய்ந்து முடிவதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அப்போது 31 வயது. பிளஸ் டூ படிக்கும்போது என்னோடு படித்த ஒருத்தியை நான் விரும்பினேன், அவளும் விரும்பினாள். அதைப் பதினான்கு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்த வயதில் தமிழில் ஒரே ஒரு கதை கையில் கிடைத்திருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

முதல் வரைவு ஒன்றரை வருடத்தில் முடிந்தது. கதை 2004இல் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் நடக்கிறது. கதையின் உச்சம் என்று நான் நினைத்த அத்தியாயத்தில், குடும்பம் ராத்திரி சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பெண் எழுந்து நின்று, ‘நான் இப்படித்தான், நான் அவளை விரும்புகிறேன்’ என்கிறாள். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். இதைச் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து பேசிய முதல் ஆள் சித்திதான். படித்துவிட்டு, “ஏட்டி, இது யாரு வீட்டுல நடக்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. அப்பா இருந்தவரை அவர் முதலில் சாப்பிடுவார், அம்மா கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பையனை விரும்பிய பெண்கூட எங்கள் பக்கம் அப்பா முன்னால் நின்று ‘நான் விரும்புகிறேன்’ என்று சொல்லிப் பார்த்ததில்லை. அந்தக் காட்சி நான் படித்த ஆங்கில இளையோர் நாவல்களிலிருந்து எனக்குத் தெரியாமலே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். ஆனாலும் சித்தி கேட்ட பிறகுதான் சங்கக் காதல் பாடல்களின் அகத்துறை ஞாபகத்துக்கு வந்தது. களவில், அதாவது மறைவாகக் காதலில் இருக்கும் பெண்ணின் காதல் வீட்டுக்குத் தெரியவரும் வழிக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி வளர்த்த தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். இன்றைக்கும் ஒரு விஷயம் எங்கள் வீடுகளில் இந்த வழியில்தான் நகர்கிறது. செவிலியின் இடத்தில் சித்தியோ அத்தையோ ஆச்சியோ இருப்பார்கள். பெண் ஒருத்தியிடம்தான் சொல்வாள், மற்றவர்கள் ஒருவர் மூலம் ஒருவர் அறிவார்கள், அறிந்த பிறகும் அதைப் பேச மாட்டார்கள். ஊர்ப்பேச்சுக்கு அலர் என்று பெயர். மகள் மெலிவதைப் பார்த்து, முருகு அணங்கிவிட்டது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவாள். நோய் எதுவென்று தோழிக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பதினேழாவது வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் குறி சொல்லும் ஒரு கோடாங்கி முன்னால் உட்காரவைத்தாள். ‘புள்ள சாப்பிட மாட்டேங்கா, படிக்க மாட்டேங்கா, எதையோ பார்த்துப் பயந்திருக்கா’ என்றாள். நான் விரும்பியவளின் கல்யாணப் பேச்சைக் கேட்டுப் பயந்திருந்தேன்.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பெண் சித்தியிடம் கிணற்றடியில் பாதி சொல்கிறாள். சித்தி மீதியைக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மா மகளுக்குத் தலை பின்னும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னுகிறாள், வலித்தாலும் மகள் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அதில் வாசகருக்குப் புரியும். இப்படி எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் வீட்டில் ஒரு சாவுச் செய்தியோ கடனோ எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள், காதலும் அந்த வழியில்தான் போகும். இன்னொன்று, குடும்பத்தைக் குறுக்கே நிற்கும் சுவராக மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா கோயில் உண்டு, பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் போய்விடுவோம். ‘உங்க சாஸ்தா எது?’ என்றுதான் புது ஆளிடம் கேட்பார்கள். கல்யாணமான பெண் புருஷனுடைய சாஸ்தாவுக்குப் போவாள். என் கதையில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருநாள் ஆற்றுமணலில் உட்கார்ந்து, நாம சேர்ந்து இருந்தால் யாருடைய சாஸ்தாவுக்குப் போவது என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பத்தை விட்டு ஓட ஆசையில்லை. குடும்பத்துக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும். அதை எழுதிய அன்று வெகுநேரம் அழுதேன்.

வார்த்தைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் எங்களுக்கு எங்களைக் குறிக்க வார்த்தை கிடையாது. தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் விடுதிப் பிள்ளைகள் வசவாகச் சொல்வது. இப்போது தன்பாலீர்ப்பு (ஒரே பாலினத்தவரை விரும்புவது), பால்புதுமையினர் (குயர்) போன்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022இல் தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. செய்தியோ கட்டுரையோ எழுதுகிறவர்கள் அவசியம் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் 2004இல் வாழும் பதினேழு வயதுப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லைப் போட்டபோது ஒட்டவில்லை. அவளுக்குப் பேர் தெரியாமல் இருப்பதுதான் அவள் தனிமை. அதனால் கதைக்குள் எங்கும் அந்தச் சொல் வரவில்லை, பின்னுரையில் மட்டும் வைத்திருக்கிறேன்.

சட்டம் தெரிந்த ஒரு தோழி வரைவைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். ஓர் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் அந்தரங்கமாக எழுதியிருந்தேன். “உன் பாத்திரங்களுக்குப் பதினேழு வயசு. பதினெட்டுக்குக் கீழே எல்லாரும் சட்டத்துக்குக் குழந்தைகள்தான்” என்றாள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு குழந்தைகளை ஆபாசமாகச் சித்தரிப்பதைப் படத்தோடு நிறுத்தவில்லை, எழுத்தையும் சேர்த்தே சொல்கிறது, மின்னூலாகப் போட நினைத்தால் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். சட்டத்தை விடுங்கள், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கையில் இதைக் கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டேன். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒருத்தி இன்னொருத்திக்குத் தன் கண்ணாடி வளையலில் இரண்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறாள். ஒரு வளையல் உடைந்து கையில் கீறுகிறது. முன்பு இருந்ததைவிட இதில்தான் அவர்கள் அன்பு அதிகம் தெரிகிறது.

இரண்டு பேரும் பஸ் ஏறிச் சென்னைக்கு ஓடுவதாக இருந்த முடிவையும் அப்போதே மாற்றினேன். காதலர் வீட்டைவிட்டுச் சேர்ந்து போகும் உடன்போக்கு நம் கவிதையில் அழகான விஷயம்தான். ஆனால் பதினேழு வயதில் ஓடினால் காணவில்லை புகார், போலீஸ், குழந்தைகள் நலக்குழு என்று வரிசையாக வரும், கூட ஓடியவள்மேலேயே பழி வரும். மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு பலருக்கு ஞாபகம் இருக்கும். தனக்கும் இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று அவரே ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை உத்தரவில் எழுதியிருந்தார். அந்தப் பெண்கள் இருவரும் வயது வந்தவர்கள், அது அந்த வழக்கில் பெரிய பலம். என் கதையைப் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பலம் இருக்காது. கதையைப் படித்துவிட்டு யாராவது ராத்திரி பஸ் ஏறினால் நான் என்ன பதில் சொல்வேன்? அதனால் பின்னுரை இரண்டு பக்கம் சேர்த்தேன். 377 மாறியது, இதை ‘குணப்படுத்துகிறேன்’ என்று கிளம்பும் மருத்துவர் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது, ஆபத்து என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்பது, இவ்வளவும் அதில் இருக்கிறது. இந்த வகை நாவல் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைச் சேருங்கள். அந்த வயதில் புத்தகம்தான் அவர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய மனுஷி.

இனிக் காசு போன கதை. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. இன்னொன்றில் ஒருவர், ‘இது சிறுவர் நூலா, பெரியவர் நூலா? நூலக ஆர்டரில் எந்தத் தலைப்பில் காட்டுவது?’ என்று கேட்டார். இளையோர் என்று ஒரு தட்டு நம் கடைகளில் இன்னும் சரியாக அமையவில்லை என்பது உண்மைதான். மனசு விட்டுப்போன நேரத்தில், எழுத்தாளரிடம் பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனம் கண்ணில் பட்டது. 2021 நவம்பரில் 38,500 ரூபாய் கட்டினேன். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 3,000, காப்புரிமைப் (காப்பிரைட்) பதிவுக்கு 6,500, விளம்பரத்துக்கு 16,000 என்று பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மொத்தம் 64,000. ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். காப்புரிமை எழுதிய கணமே நமக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

2022 ஏப்ரலில் நாற்பது பிரதிகள் வந்தன. பெட்டியைப் பிரித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறிப் பல பக்கங்கள் சிதைந்திருந்தன. அட்டையில் இரண்டு பெண்களின் நிழலுருவம், மேலே சிவப்பு எழுத்தில் ‘தடை செய்யப்பட்ட உறவு’ என்று ஒரு வரி. நான் எழுதியது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதல் அன்பு. அதை ஏதோ அசிங்கம் போல ஆக்கியிருந்தார்கள். அட்டையை ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் வடிவமைப்பு எங்கள் உரிமை என்று இருக்கிறதே என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. பத்து வருடத்துக்கு எல்லா உரிமையும் அவர்களுக்கு என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

வக்கீல் நோட்டீசுக்கு 4,000 செலவானது. ஜெராக்ஸ், கூரியர் என்று இன்னொரு 3,500. உரிமையைத் திருப்பிக் கொடுத்துக் கடிதம் வந்தது, பணம் வரவில்லை. அந்த வக்கீல் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன். காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தெந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று தெளிவாக இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்ளப்படும். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையும் பின்னட்டை வாசகமும் என் எழுத்துபூர்வ சம்மதத்தோடுதான், அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎப்-ஐ நான் முழுக்கப் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான். இந்த மாதிரிக் கதைக்கு முதலாவது உயிர் மாதிரி. அட்டையைப் பார்த்துத்தான் வீட்டிலும் பள்ளியிலும் அந்தப் பிள்ளை கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவார்கள்.

பிரதிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. ஜூன் மாதம் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

“நான்தான்” என்றாள். பதினேழு வருடம். குரல் மாறவே இல்லை. “புஸ்தகம் போட்டிருக்கியாமே.”

“ஆமா.”

“எங்க நாத்தனா படிச்சிருக்கா. இதுல வாற புள்ள நீங்களான்னு சிரிச்சிக்கிட்டே கேக்கா.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் வீட்டுத் தொழில், உடம்பிலிருந்த ஒரு தழும்பு, அவளுடைய தாத்தா கூப்பிடும் செல்லப்பெயர் மூன்றையும் அப்படியே வைத்திருந்தேன். எனக்கு அவை அவள் ஞாபகம். தெரிந்த ஆளுக்கு அவை முகவரி. அவளுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருடம், இரண்டு பிள்ளைகள். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு, அதை நான் என் சந்தோஷத்துக்காக எடுத்துக்கொண்டேன். “நீ எழுதுனதுல பொய் ஒண்ணுமில்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா” என்றாள். மன்னித்துவிடு என்றுகூட என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நாத்தனாரிடம், எங்க பக்கம் பாதி வீட்டில் அந்தத் தொழில்தான் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது அவளுடைய கெட்டிக்காரத்தனம். என் கவனத்தால் எதுவும் தப்பவில்லை. மறுநாளே கொடுத்த பிரதிகளைத் திரும்பக் கேட்டு அலைந்தேன். முப்பத்தொன்று திரும்பியது. மீதி ஒன்பது எங்கே என்று தெரியாது.

சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறவர்கள் இதை மட்டுமாவது கேளுங்கள். முதல் காதல் இரண்டு பேருடையது. மற்றவர் உயிரோடு இருந்தால், தேடிக் கண்டுபிடித்து, எழுதத் தொடங்கும் முன் கேளுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவருடைய வெளி அடையாளம் ஒன்றுகூட மிஞ்சாமல் மாற்றுங்கள். அவர் ஊர்க்காரர் ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். உணர்ச்சியை வைத்துக்கொள்ளலாம், அது உங்களுடையதும்தான். அவர் சம்மதித்தாலும் அச்சுக்கு முன் ஒருமுறை படிக்கக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடுங்கள்.

2023 ஜனவரியில் நந்தனத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். இந்த முறை பணம் கேட்காத பதிப்பகங்களை மட்டும் பார்த்தேன். குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ் குழுவினர் 2018 முதல் பால்புதுமையினர் எழுத்துக்கென்றே இலக்கிய விழா நடத்துகிறார்கள், ஓரினம் குழுவினர் பெற்றோருக்கான தகவல்களைத் தமிழிலேயே தருகிறார்கள். இவர்களைப் பற்றியெல்லாம் நான் பணம் கட்டிய பிறகுதான் அறிந்தேன். உங்கள் ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால், பணம் எடுத்து யாரிடமும் நீட்டும் முன் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பேசுங்கள். ஒரு சிறு பதிப்பகம் கடைசியில் சம்மதித்தது. ஐந்து வருட ஒப்பந்தம், அட்டைக்கு என் சம்மதம் அவசியம் என்று எழுதி வாங்கிவிட்டேன். அவள் சரி என்று சொல்லும்வரை அச்சுக்குப் போகாது என்பதையும் அவர்களாகவே சேர்த்தார்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிரதிகளைப் பரணில் வைத்திருந்தேன். ஒருநாள் பூ கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “சாஸ்தா கோயில்ல படையல் போடுறதுக்கு முன்ன யாரும் வாயில ஒண்ணும் வைக்க மாட்டாவ. நீ அந்தப் புள்ள சுண்டல் திங்கான்னு எழுதியிருக்க” என்றாள். நான் சரிம்மா, மாத்திடுதேன் என்றேன். வேறெதுவும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த வரியை மாற்றினேன்.

மறுபடி எழுதிய நாவலில் பதினொரு அத்தியாயம். இரண்டிரண்டாக அச்செடுத்து, அவள் வேலை பார்க்கும் இடத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன், அனுப்புநர் பெயரில் சித்தி முகவரி. படித்ததும் போன் செய்வாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பாட்டை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். ஐந்தில் என்னை ரொம்ப நல்லவளாக எழுதியிருக்கிறாய், அன்றைக்கு நான்தான் உன்கிட்ட பேசாமல் போனேன், அதை எழுது என்றாள். எழுதினேன். இப்போது ஏழும் எட்டும் அவள் கையில் இருக்கின்றன. அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் போன் வரவில்லை.